பூர்ணிமா கண்டெடுத்த எலும்பு

பெண் பார்க்க வந்த அன்று பூர்ணிமா மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். 1992-இல் புதுச்சேரி உழவர்கரையில் அது சின்ன விஷயம் இல்லை. அவள் அப்பா கலியபெருமாளுக்கு வந்திருந்தவர்கள் முன்னால் முகம் கறுத்துவிட்டது. "பேசட்டும், பேசட்டும். படிச்ச பொண்ணு" என்று எப்படியோ சமாளித்தார். பின்கட்டு முருங்கை மரத்தடியில் நின்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லீவு நாள்ல நான் அரியலூர் பக்கம் போவேன். எலும்பு தேடறதுக்கு. கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். உங்களுக்குச் சம்மதமா?"

"இன்னா எலும்பு?"

"டைனோசர் எலும்பு."

ஹரிகிருஷ்ணன் மின்துறையில் லைன்மேன். டைனோசர் என்றால் என்னவென்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "போயேன், எனக்கு இன்னா வந்தது" என்று சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் வேறு இடம் பார்க்கவில்லை.

பூர்ணிமா ஆசைப்பட்டு அந்தப் படிப்புக்குப் போனவள் இல்லை. கெமிஸ்ட்ரிக்கு மனுப் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. ஜியாலஜியில் இருக்கிறது, சேருகிறாயா என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் மாணவர்களை அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பூமிக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது, கடலோரத்தில் பெரிய பெரிய உயிர்கள் நடமாடின என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் எப்போது சாப்பாடு என்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். விரல் பருமன்தான் இருக்கும். ஆசிரியர் அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. "கல்லுன்னா ஒட்டாது. இது எலும்பு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது அவளை விடவே இல்லை.

கல்யாணமாகிக் கருவடிக்குப்பத்தில் குடி வைத்தார்கள். ஒரு தனியார் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. மகள் அபி பிறந்தாள். லீவு விட்டால் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். விழுப்புரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து அரியலூருக்கு ரயில், அப்புறம் டவுன் பஸ், கடைசியில் நடை. வெயில் சாய்ந்திருக்கும்போது சரிவான மண்ணில் அவள் மெதுவாக நடப்பாள். நிழல் நீளமாக விழுந்தால்தான் எலும்பின் விளிம்பு தெரியும் என்பாள். ஹரிகிருஷ்ணன் பனைமரத்தடியில் கல் கூட்டிச் சோறு பொங்குவான். பதினைந்து வருஷம் கூடப் போயும் எலும்புக்கும் கல்லுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான்.

"அது ஆட்டுப் புழுக்கைங்க" என்று ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அபி ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கேலி செய்தாள்.

பூர்ணிமா பொறுக்கியதில் பெரும்பாலானவை சிப்பிகள், சுருள் சுருளான நத்தை ஓடுகள், சுறாப் பற்கள். எப்போதாவது கையளவு எலும்புத் துண்டு. அதையெல்லாம் பஞ்சில் பொதிந்து சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்த பேராசிரியர் அன்பழகனிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். கல்லூரியில் அவளுக்கு எலும்பு டீச்சர் என்றே பேர். உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில், "இன்னா பூர்ணிமா, புதையல் ஆப்ட்டுதா?" என்பார்கள். "இன்னும் இல்ல சித்தி" என்று பதில் சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

2008 மாசி மாதம் ஆப்ட்டது.

ஓர் ஓடை. கோடையில் மணல் மட்டும் இருக்கும். அதன் கரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிந்த இடத்தில் உரல் வாய் அகலத்துக்கு வட்டமாக என்னவோ துருத்திக்கொண்டு நின்றது. பூர்ணிமா மண்டியிட்டுத் துடைப்பத்தால் மண்ணைத் தள்ளத் தள்ள, அது கரைக்குள் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் ஹரிகிருஷ்ணனின் கால் நீளத்துக்கு வெளியே வந்துவிட்டது. அப்போதும் முடியவில்லை.

"இன்னாடி இது, தென்னமரமா?"

"தொடை எலும்புங்க." அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "மூட்டோட சேர்ந்து முழுசா இருக்குது. மூட்டு இருந்தா இது எந்த இனம்னு சொல்லிடலாம். பேரு வைக்கலாம்ங்க. இதுவரைக்கும் பேரே இல்லாததா கூட இருக்கலாம்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிரசவ வலியிலும் அழாதவள்.

ஆனால் அந்தப் பக்கத்து எலும்பு பார்க்கத்தான் கெட்டி. உள்ளுக்குள் நூறு விரிசல். மழை பட்டால் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். பசைக் கரைசலை ஊற்றி ஊற்றி அவள் அதை இறுக்கினாள். பேராசிரியருக்குப் போன் செய்தாள். பெயர்த்தெடுக்க அனுமதி வாங்க வேண்டும், ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டும், மழைக்காலம் கழிந்து தை மாதத்தில்தான் வர முடியும் என்றார் அவர். அதுவரைக்கும் தாங்க வேண்டும் என்றால், கை முறிந்தவர்களுக்குக் கட்டுவது போல எலும்புக்கும் மாவுக்கட்டுப் போட்டு மூட வேண்டும். மே மாத லீவில் போடலாம் என்று பூர்ணிமா முடிவு செய்தாள். ஓடைக்குப் பக்கத்து நிலம் வடிவேல் என்பவருடையது. கடலைக் கொல்லை. மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் முள் வெட்டிப் போட்டு வைத்தார்.

ஏப்ரலில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, திரும்ப வந்தது. பல் துலக்கினால் ரத்தம். கையைப் பிடித்தால் பிடித்த இடம் கருநீலமாகக் கன்றிப்போனது. மே மாதம் ஓடைக்குப் போக வேண்டியவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள்.

மருந்து ஏற ஏற முடி கொட்டியது. வாயெல்லாம் புண். கஞ்சி குடிக்கக்கூட அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஹரிகிருஷ்ணன் வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வான். அந்த நிலைமையிலும் அவள் ஜன்னலுக்கு வெளியே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் ஒரு மழை பெய்த அன்றைக்குத் தூங்கவே இல்லை.

"ஐப்பசி வந்தா ஓடையில தண்ணி வந்துடும்ங்க. அது கரைஞ்சி போய்டும்."

"உன் ஒடம்பைப் பாரு மொதல்ல."

"ஒடம்பைத்தான் டாக்டருங்க பாக்கறாங்களே. அதை யாரு பாக்கறது?"

"நான் போய்க் கட்டிட்டு வரேன். நீ எப்படின்னு சொல்லு" என்றான். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பூர்ணிமா அவனை நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் அபியைக் கூப்பிட்டு, அவள் கை மேல் ஈரத் துணியைச் சுற்றி எப்படி எப்படிக் கட்ட வேண்டும் என்று படுத்தபடியே செய்து காட்டினாள். முதலில் பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்து எலும்பு மேல் ஒத்தி ஒத்தி மூட வேண்டும். அதற்கு மேல்தான் மாவில் தோய்த்த கோணிப் பட்டைகள். காகிதம் இல்லாவிட்டால் மாவு எலும்போடு ஒட்டிவிடும் என்றாள்.

புரட்டாசிக் கடைசியில், ஆஸ்பத்திரியில் பூர்ணிமாவுக்குத் துணையாக அபியை விட்டுவிட்டு அவன் கிளம்பினான். பிளாஸ்டர் மாவு மூட்டை, கோணிப் பைகள், ஒரு கட்டு செய்தித்தாள், பசை டப்பா. வடிவேல் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து கொடுத்தார். ஓடைக்குள் செல்போனில் சிக்னல் கிடையாது. கரை மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். ஹரிகிருஷ்ணன் ஏறுவான், கேட்பான், இறங்கிச் செய்வான், திரும்ப ஏறுவான்.

"சுத்தி மண்ணைத் தோண்டிட்டீங்களா?"

"தோண்டியாச்சி. காளான் மாதிரி நிக்குது."

"பசை ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன். உறிஞ்சிக்கிச்சி."

"மானம் எப்படி இருக்குது?"

அவன் திரும்பிப் பார்த்தான். வடமேற்கே மை போலக் கறுத்துக்கொண்டு வந்தது. "வெளுப்பாத்தான் இருக்குது" என்றான்.

"அவசரப்படாதீங்க. இப்ப காகிதத்தை…" என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. அதற்குள் முதல் தூறல் விழுந்தது. வடிவேல் பதறிப்போய் மாவைக் கரைத்துவிட்டிருந்தார். கரைத்த மாவு காத்திருக்காது, கட்டிதட்டிவிடும். ஹரிகிருஷ்ணன் ஓடிப்போய்க் கோணிப் பட்டைகளை மாவில் முக்கி முக்கி எலும்பு மேல் இழுத்துச் சுற்றினான். வடிவேல் தார்ப்பாயை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்க, மேலிருந்து கீழ் வரைக்கும் ஓர் இடம் விடாமல் சுற்றி முடித்தான். மழை அரைமணி பெய்துவிட்டு நின்றது. கட்டைத் தட்டிப் பார்த்தான். பானை போல டங்கென்றது. உடம்பெல்லாம் மாவோடு அவன் சிரித்தான். தன் ஆயுசிலேயே ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

துணி மாற்றப் பனைமரத்தடிக்குப் போனான். அங்கே செய்தித்தாள் கட்டு கட்டாகவே இருந்தது. கயிறுகூட அவிழ்க்கவில்லை.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வடிவேல் வந்து, "இன்னாங்க ஆச்சி?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றான். போன் அடித்தது. மழை விட்டதும் சிக்னல் வந்திருந்தது.

"என்னங்க, நடுவுல கட் ஆயிடிச்சி. கட்டிட்டீங்களா?"

"கட்டியாச்சி. கல்லு மாதிரி நிக்குது."

"காகிதம் வெச்சீங்க இல்ல?"

ஐந்து மாதமாக அந்தக் குரலில் இல்லாத ஒரு தெம்பு அன்றைக்கு இருந்தது. அவன் செய்தித்தாள் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெச்சேன்."

"நனைச்சீங்களா?"

"நனைச்சி, ஒத்தி ஒத்தி வெச்சேன். நீ சொன்ன மாதிரியே."

பதிலுக்கு அபிதான் பேசினாள். "அப்பா, அம்மா அழுவறாங்கப்பா. சந்தோஷத்துலதான்."

அதற்குப் பிறகு அவன் எப்படிச் சொல்வான்? சொல்லியிருக்கலாம்தான். ஊருக்கு வந்த அன்று சொல்லியிருக்கலாம். மறுநாள் அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம், "எங்க வீட்டுக்காரர் டைனோசருக்கு மாவுக்கட்டுப் போட்டுட்டு வந்திருக்கார்" என்று பெருமையாகச் சொன்னாளே, அப்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினான். தள்ளித் தள்ளி நாட்களே தீர்ந்துபோயின. அந்த வருஷக் கார்த்திகை மழை ஊரையே முக்கிக்கொண்டிருந்தபோது பூர்ணிமாவுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. வெளியே ஓயாத மழைச் சத்தம். அவள் ஒரு தடவைகூட வானத்தைப் பார்க்கவில்லை. "அது பத்திரமா இருக்கும் இல்லங்க" என்றாள். "இருக்கும்" என்றான் அவன். மழை விட்ட நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது. கருவடிக்குப்பம் சுடுகாட்டில் விறகு ஈரமாக இருந்து எரிவதற்கு நேரமாயிற்று.

தை பிறந்ததும் பேராசிரியர் சொன்னபடி ஆட்களோடு வந்தார். ஓடையில் வெள்ளம் போன தடம் அப்படியே இருந்தது. கரையில் பாதியைக் காணோம். மாவுக்கட்டு மட்டும் மண் மேட்டில் அசையாமல் நின்றது. அன்பழகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஹரிகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய வேலை செஞ்சிருக்கீங்க. இது இல்லன்னா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது" என்றார். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கட்டு அசையாமல் நிற்பதைப் பார்த்ததும், ஒருவேளை காகிதம் இல்லாவிட்டாலும் பாதகமில்லையோ என்று ஒரு நப்பாசை.

சித்திரையில் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். கட்டைத் திறக்கும்போது நீங்கள் இருக்க வேண்டும் என்றார் அன்பழகன். அபியும் வந்தாள். சின்ன ரம்பத்தால் கட்டைச் சுற்றி அறுத்து, மேல் பாதியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். வரவில்லை. நெம்பினார்கள். மொறுமொறுவென்று ஒரு சத்தம். எண்ணெய் காட்டாத கல்லில் வார்த்த தோசை போல, எலும்பின் மேல்தோல் முழுக்க மாவோடு ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாகப் பிய்ந்து வந்தது. மூட்டு இருந்த இடத்தில் செங்கல் தூள் மாதிரி ஒரு குவியல். அன்பழகன் உடைந்த ஓட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"காகிதமே இல்லையே. பூர்ணிமா எப்படி இதைச் சொல்ல மறந்தாங்க?" அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மேல் பக்கத்தைத் தொட்டிருக்க மாட்டோம். அடியிலேர்ந்து சுரண்டிச் சுரண்டி, மாவை ஊற வெச்சிக் கரைச்சி எடுத்திருக்கலாம். ஒரு வருஷம் ஆயிருக்கும், ஆனா மூட்டு தப்பிச்சிருக்கும்."

ஹரிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. காகிதம் வைக்காதது எலும்பைக் கெடுக்கவில்லை. வைத்தேன் என்று சொன்னதுதான் கெடுத்தது. அன்றைக்கே பூர்ணிமாவிடம் சொல்லியிருந்தால், படுத்த இடத்திலிருந்தே அவள் வழி சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தை போதும், பேராசிரியருக்குத் தகவல் போயிருக்கும். அவள் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பொய், அவள் உயிரை வைத்திருந்ததையே உதிர்த்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் அபியிடம் சொன்னான். மரக்காணம் தாண்டியிருந்தது. உப்பளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே, காகிதக் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அபிக்குப் பதினைந்து வயது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அம்மா போனப்புறம் ஏன்ப்பா சொல்லலை?" என்றாள் கடைசியில். "அம்மாகிட்ட சொல்லாதது புரியுது. சார்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயமா இருந்ததும்மா. அவரு என் கையைப் புடிச்சிட்டு அவ்ளோ பேசினாரு."

அபி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். அவனும் கேட்கவில்லை. எது வந்தாலும் தனக்குத் தகும் என்று இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து நின்றாள்.

"சார் அந்த எலும்பைப் பத்தி எழுதப் போறாராம். அம்மா பேரைப் போட்டு."

"நல்லதுதானேம்மா."

"இன்னா நல்லது? எலும்பு ஏன் ஒடைஞ்சிதுன்னும் எழுதுவாங்க இல்ல? படிக்கறவங்க அம்மாதான் கட்டத் தெரியாம கட்டினாங்கன்னு நினைப்பாங்க. அம்மா ஒரு சிப்பியைக்கூட ஒடைச்சதில்லப்பா." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அன்னிக்கு அந்த ரூம்ல அவரு அப்படிச் சொன்னப்ப நீ சும்மாதானே நின்ன."

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. தான் சும்மா நின்றது அதுவரைக்கும் அவன் நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு பேர் நடுவில் அவள் மேல் பழி விழுந்தது, அவன் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனான். அன்பழகன் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. மின்கம்பத்தின் உச்சியில் நிதானமாக வேலை செய்கிறவன், அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காகிதம் வெக்காதது நான்தான் சார். அவ சொல்லித்தான் அனுப்பினா. அவ ஆஸ்பத்திரியில கெடந்தா. போன்ல சொல்லிக்கினே இருந்தா, லைன் கட்டாயிடிச்சி. மழை வந்திடிச்சி. வெச்சேன்னு அவகிட்ட பொய் சொன்னேன். உங்ககிட்டயும் உண்மையைச் சொல்லல."

அன்பழகன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படப் போகிறார் என்று ஹரிகிருஷ்ணன் காத்திருந்தான். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க கேட்டப்ப வெச்சேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

"அழுதாளாம் சார். சந்தோஷத்துல."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "விடுங்க. இதையெல்லாம் எழுதணும்னு அவசியமில்ல. வெளியில எடுக்கறப்ப சேதமாச்சுன்னு பொதுவா போட்டுடறேன்" என்றார்.

"இல்ல சார். எழுதணும். கண்டுபிடிச்சவங்க கட்டலை, வேற ஆளு கட்டினதுன்னு எழுதுங்க. என் பேரைப் போட்டுக்கூட எழுதுங்க. அவளுக்கு வேலை தெரியாதுன்னு ஒருத்தர்கூட நினைக்கக் கூடாது."

எழுதினார். அந்த வருஷக் கடைசியில் அச்சாகி வந்தது. ஆங்கிலத்தில் நாலு பக்கம். அபி படித்துச் சொன்னாள். நீண்ட கழுத்துடைய, தழை தின்னும் பெரிய விலங்கொன்றின் தொடை எலும்பு, மூட்டுகள் சிதைந்துவிட்டதால் இனம் சொல்ல இயலவில்லை, பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. கண்டெடுத்தவர் புதுச்சேரி கி. பூர்ணிமா என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. அவர் நோயுற்றிருந்தபோது அவருடைய கணவர் ஹரிகிருஷ்ணன் மாவுக்கட்டுப் போட்டார், இடையே காகிதம் வைக்கப்படவில்லை.

"கி இல்லம்மா, உங்க தாத்தா கலியபெருமாள் பேருக்கு க வரணும்" என்றான் ஹரிகிருஷ்ணன்.

"இங்கிலீஷ்ல கே-ன்னு ஒரு எழுத்துதான்ப்பா இருக்குது. நான்தான் கி-ன்னு தப்பா படிச்சிட்டேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. அபி மறுபடியும் அந்தக் கடைசி வரியைப் படித்தாள். அப்புறம் எழுந்து உலையில் அரிசி போடப் போனாள். அவன் தனக்குப் புரியாத அந்த எழுத்துகளில் பூர்ணிமாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.